கடைசி அடியும் சேத்துத்தான்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுள் ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பியிருந்தார். நம் விளையாட்டில் உயிரிகளின் ஆற்றல்களுக்கு எழுதப்பட்ட விளக்கங்கள் யாவும் எழுத்துத் தமிழில் இருக்க, ‘கோர்வை’ என்னும் ஆற்றலின் விளக்கம் மட்டும் பேச்சுத் தமிழில் இருக்கிறது. இது யாரோ கவனியாமல் விட்ட பிழையாக இருக்க வேண்டும். வேறொன்றும் செய்யாவிட்டாலும் ‘சேத்து’ என்பதைச் ‘சேர்த்து’ என்றாவது மாற்றலாம் என்பது குறிப்பின் சாரம். அந்த விளக்கம் இது:

‘ரெண்டும் பாதிப் பாதி வாங்கும். கடைசி அடியும் சேத்துத்தான்.’

நான் ஓய்வு பெற்ற பின்னும், தமிழ் வாசகங்களைப் பற்றிய ஐயங்களை எனக்கு அனுப்பும் வழக்கத்தை அலுவலகம் விடவில்லை. கண்ணில் பட்ட பிழையைக் கடந்து செல்லாத ஒருவர் நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அந்தத் திருத்தத்தை ஏற்க வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டேன். காரணம் ஒரு வரியில் அடங்காது. ஆகவே உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

நான் இத்தொழிலுக்கு அச்சகத்திலிருந்து வந்தவன். இலக்கணம் முறையாகப் பயின்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புத் திருத்திய பின், காஞ்சிபுரத்தையடுத்த செவிலிமேட்டில் ஒரு வீட்டின் மாடியில் இயங்கிய நம் அலுவலகத்தில் விளக்கங்களை எழுதுவதற்காக அமர்த்தப்பட்டேன். அப்போது மொத்தம் ஏழு பேர். ஏழு பேர் உள்ள இடத்தில் எவரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்க இயலாது. ஓர் உயிரியின் அடி எவ்வளவு வலியதாக இருக்கலாம், ஒரு காப்பு எத்தனை சுற்று நிற்கலாம் என்னும் சமநிலைப் பேச்சுகளில் முதலில் கேட்பவனாகவும், பிறகு வாதிடுபவனாகவும் நானும் கலந்துகொண்டேன்.

எங்கள் தலைமை வடிவமைப்பாளர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், இவ்வூர்க்காரர், தமிழைப் பள்ளியோடு விட்டவர். என்னை ‘ஐயா’ என்பார். ஆனால் இத்தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லக் கேட்டதுதான். புதிய ஆற்றல் எதைக் கொண்டு சென்றாலும் அவர் எண்களைப் பார்ப்பதற்கு முன் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இத வெச்சி ஏமாத்தணும்னா எப்படி ஏமாத்துவீங்க?”

ஏமாற்ற வழி தெரியவில்லை என்றால், “அப்ப நீங்க இன்னும் சரியா யோசிக்கல. போயிட்டு நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிடுவார். நாணயமாக ஆடுபவரை மனத்தில் வைத்து விதி எழுதினால், அந்த விதி நாணயமானவரை மட்டுமே கட்டும் என்பது அவர் கருத்து. இக்கேள்வியை நான் எண்களிடம் கேட்கக் கற்றுக்கொண்டேன். என் வாக்கியங்களிடம் கேட்கவில்லை.

கோர்வை என்னும் பெயரை வைத்தவன் நான். பட்டுச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டு, இழைகள் ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொள்ளும் இணைப்புக்கு இவ்வூரில் அதுவே பெயர். தறியில் இருவர் பக்கத்துக்கு ஒருவராக இருந்து, இழை சுற்றிய நாடாவை விட்டு வாங்கி, பலகையால் அடித்து இறுக்கும் வேலை அது. நம் விளையாட்டில், களத்தில் நிற்கும் இரண்டு உயிரிகளை இந்த ஆற்றல் பூட்டிவிடும். அதன்பின் ஒன்றன்மேல் விழும் அடி இரண்டிற்கும் பாதியாகப் பிரியும். பெயர் பொருந்தியது என்று நான் சிறிது பெருமைப்பட்டதும் உண்மை.

வழக்கமான கேள்வி வந்தபோது எங்கள் நிரலாளர் ஓர் ஓட்டையைக் காட்டினார். எல்லா அடியும் பாதியாகிவிட்டால் பூட்டிய இணையை யாராலும் வீழ்த்த முடியாது. ஆட்டம் முடிவின்றி இழுக்கும் என்றார். ஆகவே ஒரு விலக்குச் சேர்த்தோம். முழுதாக விழுந்தால் உயிரியை வீழ்த்தும் அளவுக்கு ஓர் அடி வலியதாயின், பூட்டு முதலில் அறுபடும். அடி பிரியாமல் முழுதாக விழும். நிரலாளர் அதைத் தம் போக்கில் எழுதி எனக்கு அனுப்பினார்:

‘கோர்வை போட்டா ஒண்ணு வாங்கற அடி ரெண்டுக்கும் பாதிப் பாதியா போவும். ஆனா அந்த அடி முழுசா வுழுந்தா காலின்னா, கோர்வை கட் ஆயிடும். முழு அடியும் வாங்கினதுக்கே.’

நான் முதலில் ‘வுழுந்தா’ என்பதை ‘விழுந்தால்’ என்று திருத்தினேன். அடுத்து ‘காலி’, அடுத்து ‘கட்’. ஒவ்வொன்றையும் திருத்தத் திருத்த வாக்கியம் நீண்டுகொண்டே போயிற்று. கைப்பேசித் திரையில் இரண்டு வரிகளுக்கே இடம். முடிவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எட்டுச் சொற்களில் எழுதினேன்:

‘இணையுள் ஒன்று வீழும்வரை, ஒன்றன்மேல் விழும் அடி இரண்டிற்கும் சரிபாதியாகும்.’

தலைமை வடிவமைப்பாளர் இருமுறை படித்தார். “நல்லாருக்குது ஐயா. ஒண்ணும் வுட்டுடலியே?”

“இல்லை” என்றேன். ‘வீழும்வரை’ என்னும் ஒரு சொல்லுக்குள் விலக்கு முழுவதும் அடங்கிவிட்டதாக நம்பினேன். நம்பியதற்குக் காரணம், விலக்கு எனக்கு முன்பே தெரியும் என்பதுதான்.

சில மாதங்கள் கழித்து ஊரில் ஒரு போட்டி நடத்தினோம். பரிசு இது: வெல்பவர் தாமே கற்பனை செய்து வரைந்த ஓர் உயிரி, அவர் வைத்த பெயருடன் நம் விளையாட்டில் இடம்பெறும். இருநூறு பேராவது வந்திருப்பார்கள் என்று நான் சொன்னால் தலைமை வடிவமைப்பாளர் சிரிப்பார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தின் பாதி நிறைந்தது என்பதே சரி. மண்டபம் மாலை ஐந்து மணி வரையே எங்களுக்கு. அதன்பின் ஒரு வரவேற்பு. நான்கு மணிக்கே பூ அலங்காரம் செய்பவர்கள் கூடைகளுடன் வாயிலில் வந்து நின்றுவிட்டனர்.

இறுதியாட்டத்திற்கு வந்தவர் இருவர். ஒருவர் வனஜா; முப்பத்தைந்து வயதிருக்கும்; கணவருடன் தறியில் கோர்வைச் சேலை நெய்பவர். நெசவு வடிவங்களுக்கு வைத்திருக்கும் கட்டத்தாளில் ஓர் இருதலைப் பறவையை வரைந்து கொண்டுவந்திருந்தார். ஒரு தலை தூங்கும்போது மற்றது சண்டையிடும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். தெருவில் உள்ள பிள்ளைகள் அனைவரிடமும் அந்தப் பறவை வரப்போகிறது என்று சொல்லிவிட்டதால் தோற்றுத் திரும்ப வழியில்லை என்று காலையிலேயே என்னிடம் சொன்னார். மற்றவர் தினேஷ், நாள்தோறும் பேருந்தில் சென்னைக்குப் போய்வரும் கல்லூரி மாணவர். அவர் வரைந்திருந்தது ஒரு மரவட்டை. நெரிசல் மிக்க பேருந்தைப் பார்த்து வந்த எண்ணமாம்.

இறுதியாட்டத்தின் விதி எளியது. இருவருக்கும் தலா இரண்டு உயிரிகள். முதலில் ஒன்றை இழப்பவர் தோற்றவர். வனஜாவின் ஆமை கல்லோடன். அதனுடன் கோர்வையால் பூட்டப்பட்டது நீர்க்கொம்பன். ஆட்டம் நெடுநேரம் சென்றது. கல்லோடனுக்கு உயிர்நிலை நாற்பது, நீர்க்கொம்பனுக்கு எழுபது என்று இருந்தபோது, தினேஷின் தழல்வாலன் தன் மிக வலிய அடியைக் கல்லோடன்மேல் இறக்கியது. அதன் அளவு அறுபது. நிரல் தனக்கிட்டபடி செய்தது: பூட்டு அறுந்தது, அறுபதும் முழுதாக விழுந்தது, கல்லோடன் வீழ்ந்தது. பெரிய திரையில் தினேஷின் பெயர் மின்னியது. அவர் நண்பர்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டனர்.

வனஜா எழுந்திருக்கவில்லை. கைப்பேசியைத் திருப்பி எங்கள் பக்கம் நீட்டினார்.

“சார், இது எப்படி? பாதிதானே வுழணும்? முப்பதுதான். எனக்கு இன்னும் பத்து இருக்குது.”

“அக்கா, கடைசி அடின்னா கோர்வை கட் ஆயிடும்க்கா” என்றார் தினேஷ். “நான் வூட்ல ஆடிப் பாத்துக்கினுதான் வந்தேன். எப்பவுமே அப்பிடித்தான்.”

“நீ ஆடிப் பாத்த. நான் படிச்சிப் பாத்தேன். படிக்கச் சொல்லித்தானே எழுதிக்கிறாங்க?”

தலைமை வடிவமைப்பாளர் என் அருகே வந்து, பிறர் கேளாத குரலில் சொன்னார்: “ஐயா, ப்ரோக்ராம் எங்களுது. அது சரியாத்தான் வேலை செஞ்சிக்கினு இருக்குது. வாசகம் உங்களுது. நீங்களே சொல்லுங்க. நான் குறுக்க வரமாட்டேன்.”

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. ஒரு மண்டபமே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் செய்தது என் பணிக்காலத்தின் மிக மோசமான செயல் என்று இன்றும் கருதுகிறேன். எட்டுச் சொற்களை எழுதியது பிழை, அதை மன்னிக்கலாம். அவற்றைக் காப்பாற்ற இலக்கணத்தை அழைத்ததை அவ்வாறு சொல்ல மாட்டேன். ‘வரை’ என்பது எல்லை குறிக்கும் சொல் என்றும், எல்லையைத் தொடும் கணத்திலேயே முன்னிருந்த நிலை முடிந்துவிடும் என்றும், ஆகவே வீழ்த்தும் அடி ‘வீழும்வரை’ என்பதற்குள் அடங்காது என்றும் நிதானமாக விளக்கினேன். பேசும்போதே அது முழு உண்மையன்று என்பது எனக்குத் தெரியும். ‘வரை’ தன் எல்லையை உட்கொள்வதும் உண்டு, கொள்ளாததும் உண்டு. மெய்ப்புத் திருத்திய காலத்தில் அதே சொல்லுக்காக எத்தனையோ வாக்கியங்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

வனஜா கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்:

“சார், செவிலிமேடு வரைக்கும் டிக்கெட் வாங்கினா, செவிலிமேட்டுல எறக்கி வுடுவாங்களா, அதுக்கு முன்னாடி ஸ்டாப்புலயே தள்ளி வுட்டுடுவாங்களா?”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பூக்கூடைக்காரர்களும் சிரித்தனர். பின்வரிசையிலிருந்து அவர் கணவர், “அவளாண்ட பேசி ஜெயிக்க முடியாது சார், நானே வுட்டுட்டேன்” என்று குரல் கொடுத்தார்.

“நீ கம்முனு இருய்யா” என்று அவரை அடக்கிவிட்டு வனஜா என்னிடம் திரும்பினார். இப்போது அவர் குரலில் வேடிக்கை இல்லை. “கோர்வைன்னு பேர நீங்கதானே சார் வெச்சீங்க? அந்தாளு அந்தப் பக்கம் நாடா வுடுவாரு, நான் இந்தப் பக்கம் வாங்குவேன். பலகைய இழுத்து அடிச்சா உடலும் வாங்கும், கரையும் வாங்கும். கடைசி அடி மட்டும் ஒரு பக்கத்துக்குன்னா அதுக்குப் பேரு கோர்வையா? அத நம்பித்தான் நான் இந்த ரெண்டையும் பூட்டிக்கினு வந்தேன்.”

எனக்கு முன் இரண்டு வழிகள் தெரிந்தன. நிரல் சொன்னதே முடிவு என்றால், நாம் எழுதுவதைப் படித்து நம்புகிறவர் ஏமாளி என்று அந்த மண்டபத்துக்கே அறிவிப்பதாகும். வாசகமே முடிவு, ஆகவே வனஜா வென்றார் என்றால், விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதை உழைத்துத் தெரிந்துகொண்டு வந்த பையனை என் பிழைக்காகத் தண்டிப்பதாகும். அதுமட்டுமன்று, அவர் வெல்லவும் இல்லை. அவருக்குப் பத்து எஞ்சியிருந்தது, அவ்வளவே. இந்தக் கடைசி எண்ணம்தான் வழியைக் காட்டியது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது யார் வென்றார் என்பதைப் பற்றியன்று. அந்த ஓர் அடியைப் பற்றி மட்டுமே.

மீண்டும் ஒலிவாங்கியை எடுத்தேன். சற்று முன் சொன்ன இலக்கணம் என் பிழையை மறைப்பதற்காகச் சொன்னது என்றேன். வாக்கியத்தை எழுதியவன் நான், அதைப் படித்த எவரும் அவர் படித்தவாறே பொருள் கொள்ளலாம், ஆகவே அந்த அடி பாதியாகவே விழுந்தது, ஆட்டம் முடியவில்லை, அந்த இடத்திலிருந்து தொடரும் என்றேன்.

“சார்!” தினேஷ் ஏறக்குறைய அழுதுவிட்டார். “என் பேரு திரையில வந்துடுச்சி சார்! வூட்டுக்கு வேற போன் பண்ணிட்டேன்.”

“அந்தத் திரையில் வருவதை எழுதுபவனும் நான்தான், தம்பி. அதனால்தான் சொல்கிறேன்” என்றேன். “உங்கள் அடியை எடுத்துவிடவில்லை. உங்கள் ஆட்டம் உங்களிடமே இருக்கிறது. ஆடுகிறீர்களா?”

அவர் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் ஒருவன், “டேய், பத்துதாண்டா இருக்குது அவங்களுக்கு. முடிச்சி வுடு” என்றான். தினேஷ் தலையை ஆட்டினார்.

ஆனால் நிரலை அங்கேயே மாற்ற இயலாது. தலைமை வடிவமைப்பாளர் சுவரில் கட்டியிருந்த போட்டிப் பதாகையை அவிழ்த்து, அதன் வெண்ணிறப் பின்புறத்தை மேலே திருப்பித் தரையில் விரித்தார். நிரலாளர் தடித்த எழுதுகோலால் இரண்டு பத்திகள் வரைந்தார். கல்லோடன் பத்து, நீர்க்கொம்பன் நாற்பது. தழல்வாலன் ஐம்பது. பூக்கூடைக்காரர்கள் உள்ளே வந்து சுற்றி நின்றுகொண்டனர், மணி நான்கேமுக்கால், அவர்களுக்கு அவசரம் போய்விட்டது.

வனஜா ‘ஊற்று’ என்னும் ஆற்றலால் கல்லோடனுக்கு இருபத்தைந்து கொடுத்தார், முப்பத்தைந்து ஆயிற்று. தழல்வாலனின் வலிய அடிக்கு ஒரு சுற்று ஓய்வு வேண்டும். ஆகவே தினேஷ் சிறிய அடியைப் போட்டார். முப்பது, இரண்டிற்கும் பதினைந்து. கல்லோடன் இருபது, நீர்க்கொம்பன் இருபத்தைந்து. நிரலாளர் ஒவ்வொன்றையும் அடித்து எழுத, சிறுவர்கள் உரக்கப் படித்தனர்.

வனஜா பதாகையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏம்மா, ஊத்து போடும்மா” என்றார் கணவர். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அடுத்து வருவது மீண்டும் அறுபது. ஆளுக்கு முப்பது. ஆமையைத் தேற்றினால் நீர்க்கொம்பன் வீழும். நீர்க்கொம்பனைத் தேற்றினால் ஆமை வீழும். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் தேற்ற முடியும்.

“அடிக்கறேன்” என்றார். நாற்பத்தைந்து. தழல்வாலனுக்கு மிஞ்சியது ஐந்து.

தினேஷ் அறுபதைச் சொன்னார். நிரலாளர் ஆளுக்கு முப்பது என்று எழுதினார். கல்லோடனும் நீர்க்கொம்பனும் ஒரே அடியில் வீழ்ந்தன.

இம்முறை யாரும் நாற்காலிமேல் ஏறவில்லை. வனஜா குனிந்து, பதாகையில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்குது” என்றார். பிறகு தினேஷிடம், “உன் மரவட்டைய எடுத்துக்கினு வாடா, பாப்போம்” என்றார்.

தலைமை வடிவமைப்பாளர் பதாகையின் அருகே அமர்ந்தபடியே இருந்தார். “ஐயா, பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன். பூட்டிய இணையை வீழ்த்தவே முடியாது என்று அஞ்சித்தான் அந்த விலக்கைச் சேர்த்திருந்தோம். ஆனால் அடியைப் பங்கிடுவது ஒன்றைக் காப்பதைப் போலவே மற்றொன்றைத் தேய்க்கவும் செய்கிறது. கோர்வையின் வலிமைக்குரிய குறை கோர்வைக்குள்ளேயே இருந்தது. நாங்கள் வெளியிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தோம். ஓர் ஆற்றலுக்கு விலக்கு எழுதும் முன், விலக்கின்றி அதை இறுதிவரை ஆடிப் பாருங்கள் என்று நான் உங்களிடம் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

“கட் ஆவறத எடுத்துடலாம்” என்றார் அவர். “வாசகத்த மட்டும் மாத்திக் குடுங்க.”

நான் வனஜாவிடம் சென்றேன். அவர் கட்டத்தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதுவதாயிருந்தால் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

“நானா? எழுதறதுக்கு என்னா சார் இருக்குது? ரெண்டும் பாதிப் பாதி வாங்கும். கடைசி அடியும் சேத்துத்தான்.”

சுருட்டிய தாளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, போகும்போது திரும்பி, “பஸ்ல போறப்ப டிக்கெட்ட நல்லா படிச்சிப் பாருங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினேஷின் மரவட்டை இன்று நம் விளையாட்டில் இருக்கிறது, நீங்கள் அறிவீர்கள். இருதலைப் பறவை இல்லை. தெருப் பிள்ளைகளிடம் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் நினைக்கவில்லை.

அவர் சொன்னதைச் சொன்னபடியே மறுநாள் உள்ளிட்டேன். உள்ளிட்டு முடித்ததும் விரல் தானாகவே பின்னோக்கிச் சென்று ‘சேத்து’ என்பதன் நடுவில் நின்றது. ஒரு ‘ர்’ இட்டால் போதும், பொருள் சிறிதும் மாறாது, ஆட்டம் கெடாது. உங்கள் குறிப்பில் நீங்கள் எழுதியிருப்பதும் அதைத்தான், நீங்கள் சொல்வதும் சரிதான்.

ஆனால் அன்று நிரலாளர் எழுதிய ‘வுழுந்தா’ என்பதிலும் நான் ஓர் எழுத்தைத்தான் மாற்றத் தொடங்கினேன். விரலை எடுத்துவிட்டேன்.